வேலைத் தரமும் வீட்டுக்காரர் சொல்லும் குறையும்: சிறிய காண்ட்ராக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தனி வீடுகளைச் சதுர அடிக் கணக்கில் எடுத்துக் கட்டும் காண்ட்ராக்டர்களும், மேஸ்திரியாக இருந்து இப்போது சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கியவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு வேலையிடங்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள். பெரிய அடுக்குமாடி நிறுவனங்களிடம் குறை கேட்கவே தனி ஆட்கள் உண்டு. நமக்கு நாமேதான் போனை எடுக்க வேண்டும்.

தரமான வேலை என்று எதைச் சொல்கிறீர்கள்? பார்க்க அழகாக இருந்தால் வீட்டுக்காரர் சந்தோஷப்படுகிறாரே?

கிரகப்பிரவேசத்தன்று வருகிற பாராட்டில் பாதி பெயிண்டருக்கும் டைல்ஸ்காரருக்கும் சேர வேண்டியது. காண்ட்ராக்டர் செய்த வேலை பூச்சுக்குப் பின்னாலும், கான்கிரீட்டுக்குள்ளும், பாத்ரூம் டைல்ஸுக்கு அடியிலும் கிடக்கிறது. அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

கம்பி பலகையைத் தொடாதபடி அடியில் வைக்கும் சிறு துண்டான கவர் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதன்படி கம்பிக்கு வெளியே தளத்தில் 20 மி.மீ., தூணில் 40 மி.மீ., அஸ்திவாரத்தில் 50 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். கடற்காற்று நேராக அடிக்கும் இடம் என்றால் தளத்துக்கும் 45 மி.மீ. வேண்டும். ஒரு சாதாரண வீட்டுத் தளத்துக்கு ஆகும் கவர் பிளாக் செலவு, கான்கிரீட் போடும் நாளில் ஆட்களுக்கு வாங்கும் டீ, வடை, சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டுப் போனால் அன்று ஒருவருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து, சமையலறை சீலிங்கில் பூச்சு பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரியும்போது காண்ட்ராக்டர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார்.

நம் தொழிலில் பெருமைப்பட ஓர் இடம் வேண்டுமென்றால் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். இதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. உள்ளே இருப்பது சரியென்று தெரிந்தவர், வெளியே யாராவது குறை சொன்னால் பதறுவதில்லை, "வாங்க, பார்ப்போம்" என்று கிளம்பிவிடுகிறார். குறை கேட்டதும் எகிறுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பல நேரம் அவர்களுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று நிச்சயமில்லை.

கலவையில் தண்ணீரைக் கூட்டாதே என்று எவ்வளவு சொன்னாலும் ஆட்கள் கேட்பதில்லை. என்ன செய்வது?

சொல்லித் தடுக்க முடியாது. மதிய வெயிலில் கனமான கலவையைத் தள்ளுகிறவருக்கு இன்னொரு வாளித் தண்ணீர் பெரிய உபகாரம். அதனால் அவர் ஊற்றத்தான் செய்வார். மெஷின் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலையை ஒரே ஆளிடம் கொடுங்கள். அவர் கையில் அளவு குறித்த வாளி இருக்கட்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டருக்குள் நிற்க வேண்டும். மழையில் நனைந்த எம் சாண்ட் என்றால் மணலிலேயே தண்ணீர் இருக்கும், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கலவை இறுக்கமாக இருக்கிறது என்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் இருக்கிறது, வைப்ரேட்டரும் இருக்கிறது.

தண்ணீர் கூட வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசலானா) சிமென்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் விடாமல் ஈரம் வேண்டும், 14 நாள் வைத்தால் நல்லது என்கிறது விதி. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை எல்லோரும் செய்துவிடுகிறோம். பாவம், தூண்தான் அனாதை. காலையில் ஒருமுறை ஹோஸ் பிடித்துவிட்டு வந்தால் பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். சாக்கைச் சுற்றிக் கட்டி, அந்தச் சாக்கை நனைக்க வேண்டும். தண்ணீர் அடிப்பது யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். "வீட்டுக்காரர் ஆள் போடுவதாகச் சொன்னார்" என்று பிறகு சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள்.

சதுர அடி ரேட்டை அடித்துக் குறைத்துவிட்டு, தரம் வேண்டும் என்றால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகாத ரேட்டுக்கு வேலையை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டுக் கம்பியில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பதைவிட, போகட்டும் என்று விட்டுவிடுவது மேல். ரேட் குறைய வேண்டும் என்று வீட்டுக்காரர் அடம்பிடித்தால் எதைக் குறைக்கலாம் என்று அவரிடமே வெளிப்படையாகப் பேசலாம். டைல்ஸ் விலை, கதவு மரம், எலிவேஷன் அலங்காரம், பால்ஸ் சீலிங் எல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை. அஸ்திவாரம், கம்பி, வாட்டர்புரூஃபிங் மூன்றிலும் கைவைக்க மாட்டேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

வீட்டுக்காரர் தினமும் சைட்டுக்கு வந்து ஏதாவது குறை சொல்கிறார். வேலையே ஓடவில்லை.

அவர் இடத்தில் நின்று பாருங்கள். பேங்க் லோன், மனைவியின் நகை, ஊரில் விற்ற நிலம் என்று எல்லாம் அந்தச் சுவரில் போய்க்கொண்டிருக்கிறது. வருவார், பார்ப்பார், கேட்பார். வராமல் இருந்தால்தான் நாம் பயப்பட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே நாளில் மொத்தக் குறையையும் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் அந்த ரகம்தான்.

ஆனால் அவர் கொத்தனாரிடம் நேராகப் பேசுவதை நிறுத்தியாக வேண்டும். "இந்த ஜன்னலை அரையடி தள்ளி வையப்பா" என்று அவர் சொல்லி, கொத்தனாரும் சரிங்க சார் என்று வைத்துவிட்டால், பின்னால் லிண்டல் (ஜன்னலுக்கு மேலே வரும் பீம்) இடம் பொருந்தாமல் போகும்போது பழி உங்கள் மேல்தான் விழும். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வரலாம். அவர் சொல்வதை அவர் கண் முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, முடித்ததை அவரையே டிக் அடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பைவிட இந்த நோட்டு பயன்படும். குரூப்பில் மச்சானும் சித்தப்பாவும் இருப்பார்கள்.

யூடியூப் பார்த்துவிட்டு வந்து நமக்கே பாடம் எடுக்கிறார்களே?

எடுக்கட்டும். அவர் கேட்பதில் பாதி சரியாகத்தான் இருக்கும். செங்கல்லை நனைத்தீர்களா, தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்தீர்களா என்று கேட்டால் எரிச்சல் படுவதற்கு என்ன இருக்கிறது? செய்திருந்தால் காட்டுங்கள். வட இந்தியக் குளிருக்கோ வெளிநாட்டு மரவீட்டுக்கோ சொன்னதைக் கொண்டுவந்து கேட்டால், நம் ஊர் வெயிலுக்கு அது ஏன் பொருந்தாது என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார்" என்பது மட்டும் பதிலாகாது. முப்பது வருடமும் தப்பாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும்.

அவருடைய சொந்தக்கார இன்ஜினியர் ஒருவர் வந்து எல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார். எப்படிச் சமாளிப்பது?

இவர் வராத வீடே கிடையாது. பெரும்பாலும் பெண் வீட்டுப் பக்கம், ரிட்டையர்ட். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து, "கம்பி பத்தாது போலிருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றிரவு வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிருக்கும்.

அவரோடு வாதம் வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை எடுத்து விரித்து, "ஐயா, இதில் எந்த இடம்னு காட்டுங்க, டிசைன் பண்ணின இன்ஜினியர்கிட்டயே கேட்டுடலாம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையாகவே விஷயம் தெரிந்தவராக இருந்தால் இடத்தைக் காட்டுவார், அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த இரண்டாவது சோதனை. சும்மா சொன்னவராக இருந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். டிராயிங் இல்லாமல், "பழக்கத்தில் போடுகிற கம்பி" என்று தளம் போடுகிறவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் அந்த மாமாவிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வீடு ஒப்படைத்துச் சில மாதத்தில் "சுவரில் விரிசல்" என்று போன் வருகிறது. முதலில் என்ன சொல்ல வேண்டும்?

"எல்லா வீட்டிலும் வரும் சார்" என்று சொல்லாதீர்கள். உண்மையாகவே எல்லா வீட்டிலும் வருகிற விரிசலாக இருந்தாலும் சொல்லாதீர்கள், பார்க்காமல் சொன்ன பதிலை யாரும் நம்ப மாட்டார்கள். என்றைக்கு வருகிறேன் என்று தேதி சொல்லுங்கள். சொன்ன தேதிக்குப் போங்கள். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவது பெரும்பாலும் விரிசலுக்காக இல்லை, நான்கு தடவை கூப்பிட்டும் போனை எடுக்காததற்காக.

போனதும் பார்க்க வேண்டியது விரிசலின் போக்கு. சுவர் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் என்றால் அது பூச்சில் வந்தது. சிமென்ட் கூடிய கலவை, மேலே வெறும் சிமென்ட் பால் தேய்த்தது, சரியாகத் தண்ணீர் அடிக்காதது என்று காரணம் இவற்றுக்குள் இருக்கும். மேலிருந்து கீழாக நேர்கோட்டில், தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வந்தால் வலை இல்லை அல்லது வலை சரியாகப் பிடிக்கவில்லை. சுவிட்ச் பெட்டியிலிருந்து மேலே போகும் கோடு எலக்ட்ரீஷியன் காடி வெட்டி, அரைகுறையாக அடைத்த இடம். பயப்பட வேண்டியது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, போகப் போக அகலமாகும் கோடு. சுவரின் உள்பக்கம் தெரிவது வெளிப்பக்கத்திலும் அதே இடத்தில் தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பிறகு விரல் முட்டியால் இருபுறமும் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது, அந்த அளவுக்கு வெட்டி எடுத்துப் பூச வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் ஏடிஎம் அட்டையின் கனம் முக்கால் மி.மீ. தான். அதன் விளிம்பு விரிசலுக்குள் போனால் வெறும் பட்டி பார்த்து மூடிவிட்டு வரக் கூடாது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வீட்டுக்காரர் போனிலேயே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வர வேண்டும். அங்கேயே நின்றிருந்தால் V வடிவில் கீறி, கிராக் ஃபில்லர் வைத்து அடைக்கலாம். நீங்கள் பென்சிலை எடுத்து எழுதும்போதே எதிரில் நிற்பவரின் குரல் இறங்கிவிடும். தன் பேச்சை ஒருவர் மதித்து அளக்கிறார் என்பது அவருக்குப் புரிகிறது.

பாத்ரூம் ஒழுகல் புகார் வந்தால்?

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே வர விடாமல் செய்திருக்க வேண்டிய புகார் இது. குழாய் போவதற்காகத் தாழ்த்திக் கட்டிய சங்கன் பகுதியில் வாட்டர்புரூஃபிங் பூசியதும் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, அடியில் ஈரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். வாட்டமும் அப்படித்தான், நாலடிக்கு அரை அங்குலமாவது வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது தானாக ஓட்டையைத் தேடிப் போக வேண்டும், வைப்பர் பிடித்துத் தள்ளக் கூடாது. ஒப்படைத்த பிறகு ஒழுகினால், டைல்ஸைப் பெயர்ப்பதற்கு முன் குழாயை அடைத்துப் பிரஷர் பாருங்கள். குழாய் இணைப்பில் கசிந்துகொண்டிருக்கும்போது தரையை உடைத்தவர்கள் நிறைய.

பலகை பிரித்ததும் தளத்தில் ஜல்லி தெரிகிறது. வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் பூசிவிடலாமா?

வேண்டாம். படம் எடுங்கள், டிசைன் இன்ஜினியருக்கு அனுப்புங்கள், வீட்டுக்காரருக்கும் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். ஜல்லி மேலாகத் தெரிகிறதா, கம்பி வரை ஆழமாகப் போகிறதா என்று கொத்திப் பார்த்து, சுருங்காத கிரௌட் (இடுக்கில் நிரப்பும் கலவை) வைத்து அடைக்கலாம். ஆழமாகவோ பீமிலோ இருந்தால் என்ன செய்வது என்று இன்ஜினியர் சொல்ல வேண்டும். நாமே சொன்ன குறைக்கு அன்றைக்கு ஒரு திட்டு விழும். அவர் ஆளோ கொத்தனாரோ சொல்லித் தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு நாம் சரியாகச் செய்ததையும் அவர் நம்ப மாட்டார். சித்தாள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோர் கையிலும் கேமரா இருக்கிற காலத்தில் மறைத்து வைப்பது நடக்கிற காரியமும் இல்லை.

குறை நம்முடையது இல்லை என்றால்? வீட்டுக்காரர் வாங்கித் தந்த பொருளில் கோளாறு என்றால்?

அப்போதும் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு, "இது நான் செய்ததில் வந்ததில்லை, இந்தக் காரணத்தால் வந்தது, சரி செய்ய இவ்வளவு ஆகும், செய்து தரட்டுமா?" என்று கேளுங்கள். பெயிண்ட் உப்பி உரிவது தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததால் என்றால் அந்த ஈரத் தடத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம். பிளம்பரையோ எலக்ட்ரீஷியனையோ கைகாட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அவரை வேலைக்கு வைத்தது நீங்களா, வீட்டுக்காரரா? நீங்கள் வைத்த ஆள் என்றால் வீட்டுக்காரருக்கு அவர் யாரென்றே தெரிய வேண்டியதில்லை.

தரம் குறைந்த பொருளை வீட்டுக்காரர் இறக்கினால் பயன்படுத்துவதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மண் கலந்த மணலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே வண்டல் படிந்து நிற்கும். அவரே பார்க்கட்டும்.

ஆட்கள் முன்னாலேயே என்னைத் திட்டுகிறார். மானம் போகிறது.

போகத்தான் செய்யும். "சார், கொஞ்சம் மாடிக்கு வாங்க, அங்க பேசிக்கலாம்" என்று நகர்த்திக்கொண்டு போங்கள். அந்த இடத்தில் பதிலுக்குப் பதில் பேசினால் ஜெயித்தாலும் தோற்றாலும் வேலை கெடும். கையோடு இன்னொன்றும் உண்டு. அவரிடம் வாங்கியதை அப்படியே கொத்தனார் தலையில் இறக்காதீர்கள். கட்டிய சுவரைத் தூக்குக்குண்டு வைத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள், அரை அங்குலம் வெளியே நிற்பது அவர் கண்ணுக்கே தெரியும். நல்ல கொத்தனார் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் பிரித்துக் கட்டுவார். சித்தாள்கள் முன்னால் வைத்துக் கத்தினால் அவரும் பிரித்துத்தான் கட்டுவார், மறுநாள் வேறு சைட்டில்.

கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்து மோசமாக எழுதிவிட்டார்.

அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். முதலில் நேரில் போய்ப் பாருங்கள். பிறகு மூன்று வரி போதும்: என்ன குறை சொல்லியிருக்கிறார், எப்போது போய்ப் பார்த்தீர்கள், என்ன செய்து கொடுத்தீர்கள். அவர் பாக்கி வைத்திருக்கும் பணத்தைப் பற்றி அங்கே எழுத வேண்டாம். அந்தப் பக்கத்தை அடுத்த வீட்டுக்காரர் படிக்கப் போகிறார். நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திரங்களாகப் போட்டு மூடுவது இன்னும் மோசம், எல்லாம் ஒரே வாரத்தில் வந்திருப்பது யாருக்கும் தெரியும்.

சட்டப்படி எத்தனை வருடம் பொறுப்பு?

2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்யச் சொல்கிறது. அது மனை போட்டோ வீடு கட்டியோ விற்கும் புரமோட்டருக்கு. வீட்டுக்காரரின் சொந்த மனையில் கூலிக்கோ பொருளோடோ கட்டித் தருகிறவர் பொதுவாக அதில் வரமாட்டார். அதற்காகத் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டுவதையும் சேவை என்றே சொல்கிறது. குறை எழுந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 50 லட்சம் வரை கொடுத்த வேலை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே. எது எவ்வளவு காலம் உங்கள் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது இருவருக்கும் நல்லது. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

கடைசித் தவணையைப் பிடித்து வைத்துக்கொண்டு குறை மேல் குறையாகச் சொல்கிறார்.

இது நிறைய நடக்கிறது. சிலருக்குக் கையில் பணம் இல்லை, குறை ஒரு சாக்கு. சிலருக்குக் குறை உண்மை, பணம் ஒன்றுதான் பிடி. எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: முழுப் பட்டியலையும் ஒரே தடவையாக எழுதித் தரச் சொல்லுங்கள், இருவரும் கையெழுத்துப் போடுங்கள், முடித்ததும் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். உண்மையாகக் குறை உள்ளவர் உடனே எழுதித் தருவார். மற்றவருக்குப் பட்டியல் முடியவே முடியாது.

இதற்கு வழி முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று தவணையைப் பிரிக்கும்போது கடைசித் தவணையைச் சிறியதாக வையுங்கள். மொத்தத்தில் 5 சதவீதம் போல ஒரு தொகையை ஒரு மழைக்காலம் முடியும்வரை அவரே வைத்திருக்கட்டும் என்று நீங்களாகவே சொல்லலாம். இப்படிச் சொல்கிற காண்ட்ராக்டரிடம் ரேட்டில் பேரம் குறைவாக நடக்கும்.

"அந்தக் காலத்துக் கொத்தனார் வேலை மாதிரி வருமா" என்கிறார்கள். என்ன சொல்வது?

வராது என்று ஒத்துக்கொள்ளலாம், தப்பில்லை. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு இன்றைக்கும் கண்ணாடி போல இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் மோசமாகக் கட்டியவை எல்லாம் எப்போதோ விழுந்துவிட்டன, நாம் பார்ப்பது நின்றவற்றை மட்டும்தான். அந்த வேலைக்குக் கொடுத்த நாட்களை இன்று யாரும் கொடுப்பதில்லை என்பதும் உண்மை. கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டுத்தான் அஸ்திவாரமே தோண்டச் சொல்கிறார்கள்.

ஒப்படைத்த பிறகு நாமாகப் போய்ப் பார்க்க வேண்டுமா? வம்பை விலைக்கு வாங்குவது ஆகாதா?

போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பிடித்து ஒரு வாரம் ஆனதும் போவதுதான் சரியான நேரம். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, கைப்பிடிச்சுவர் அடியில் ஈரம் ஏறியிருக்கிறதா, சன்ஷேடு மேலே பாசி பிடித்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இலை அடைத்திருந்தால் கையாலேயே எடுத்துப் போட்டுவிடலாம். கீழே இறங்கி வந்தால் வீட்டுக்கார அம்மா, "நல்ல வேளை வந்தீங்க, அந்தப் பின்கட்டுக் கதவு மழைக்கு உப்பிக்கிட்டு சாத்தவே மாட்டேங்குது" என்பார். ஆசாரிக்குப் போன் போடுங்கள்.